எதிரில் ஒருவர் வேண்டும்

மல்காஜ்கிரி
9 ஜூன் 2024

அன்புள்ள சௌந்தர்,

கடிதமா என்று சிரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் நாம் பேசிக்கொள்ளும் லட்சணம் உங்களுக்கே தெரியும். நான் மாங்கு மாங்கென்று எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவீர்கள். நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் அன்றைக்கு என் சமையல் கெட்டுப்போகும். போனில் பேசித் தீர்க்கலாம் என்றால் அதற்குக் காது வேண்டும். அதனால்தான் பேப்பர்.

சாஹித்யா நலம். புதன்கிழமை ஸ்கூல் திறக்கிறது, ஏழாம் வகுப்பு. "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

என் காதுக்காக நீங்கள் என்னைக் கேட்காமலே மூன்றாவது ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டு, கீழே கார் நிற்கிறது, கிளம்பு என்றீர்கள். வரமாட்டேன் என்றேன். நீங்கள் வாசலில் நின்று கத்தியது அபார்ட்மெண்ட் முழுக்கக் கேட்டதாம். மேல்வீட்டுக் கல்பகம் மாமி இன்றுவரை என்னைப் பாவமாகப் பார்க்கிறார். கேட்காதது எனக்கு மட்டும்தான். அப்பா என்ன சொன்னார் என்று சாஹித்யாவிடம் கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரமே நீங்கள் மல்லாபூர் பிளான்ட்டிலிருந்து ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

சரி, சண்டைக்காக எழுதவில்லை. யோசனை கேட்க எழுதுகிறேன்.

இங்கே ஹைதராபாத்தில் ஒரு கல்லூரியில் சைகை மொழிக்கு ஆன்லைன் படிப்பு நடத்துகிறார்கள். சாயங்கால வகுப்பு, தொடங்குகிறவர்களுக்கானது. வெள்ளோட்டமாக ஒரு வகுப்பு பார்த்தேன். டீச்சர் பெயர் ஜெஸ்ஸி, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவர் கை பேசப் பேச, பக்கத்திலேயே ஒருவர் அதை எழுத்தில் போடுகிறார். மூளைக்காய்ச்சல் என் காதைக் கொண்டுபோனதிலிருந்து நான் இருந்த இடத்தில் எல்லாம் நான்தான் குறை. நாச்சாரம் ஸ்கூலில் கணக்கு டீச்சர் வேலையும் அதனால்தான் போயிற்று. இந்த வகுப்பில் என்னைவிட நன்றாகக் காது கேட்கிற ஒரு டாக்டர் பரிதாபமாக முழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்லூரியின் இணையப் பக்கத்தில் "இந்தப் படிப்பு உங்களுக்கு ஏற்றதா?" என்று சில கேள்விகள் கேட்டிருந்தார்கள். நெட் இருக்கிறதா, கேமரா இருக்கிறதா, பொறுமை இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன் (சிரிக்காதீர்கள்). கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டேன். சைகையைத் தனியாகப் பழக முடியாது, எதிரில் ஒருவர் வேண்டும், உங்களோடு பழக வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

ஆன்லைன்தானே, ஓசூரிலிருந்தும் சேரலாம். நான் சேரட்டுமா? நீங்களும் சேர்கிறீர்களா? மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது.

பூர்ணா


ஓசூர்
20 ஜூன் 2024

அன்புள்ள பூர்ணா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. எனக்கு உன்னைப்போல் எழுத வராது. லேப் ரிப்போர்ட் மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்.

படிப்பு வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது பிறவியிலேயே காது கேளாதவர்களுக்கானது. நீ முப்பத்தொன்பது வயதுவரை எல்லாவற்றையும் கேட்டவள். பேசுகிறாய், படிக்கிறாய், உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்கிறாய். மல்காஜ்கிரியில் யாருக்குச் சைகை தெரியும்? பால்காரருக்கா, கல்பகம் மாமிக்கா? யாருக்கும் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டு நீ யாரோடு பேசுவாய்?

நான் ஓடிப்போய்விட்டதாக நீ நினைப்பது கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் பஸ்ஸில் போய்வரும் தூரம். காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனில் அங்கே பெரிய கை ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்ப்பதற்காகத்தான் இந்த மாற்றலைக் கேட்டு வாங்கினேன். உன்னிடம் சொன்னால் மறுபடி சண்டை வரும் என்று சொல்லவில்லை. உள்காது எலும்பாக இறுகிவிட்டது, கருவியின் கம்பி உள்ளே போகாது என்று ஹைதராபாத்தில் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. இவர் இறுகிய காதிலும் செய்திருக்கிறாராம். உன் ஸ்கேன்களைக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடிவிட்டேன். உன் குரல் மாறிக்கொண்டு வருகிறது. சில எழுத்துகள் வழுக்குகின்றன, சில சமயம் தேவையில்லாமல் உரத்து வருகிறது. உனக்குத் தெரிய வழியில்லை, வேறு யாரும் சொல்லவும் மாட்டார்கள். நீ சமையலறையில் பாடிக்கொண்டே வேலை செய்வதைக் கேட்டுத்தான் நான் தினம் கண் விழித்தேன். அந்தக் குரல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கையை ஆட்டத் தொடங்கிவிட்டால் நீ பேசுவதையே விட்டுவிடுவாய். கொஞ்சம் பொறு. டாக்டர் பதில் சொல்லட்டும்.

சாஹித்யாவுக்கு முத்தம்.

சௌந்தர்


மல்காஜ்கிரி
14 ஜூலை 2024

சௌந்தர்,

சேர்ந்துவிட்டேன். வகுப்பு நடக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாஹித்யாவை எதிரில் உட்கார வைத்து, அம்மா குரல் மாறிவிட்டதா என்று கேட்டேன். அவள் வழக்கம்போலத் தெலுங்கில், "கொஞ்செம்" என்றாள். உதட்டிலேயே தெரிந்தது. பிறகு நோட்டில் எழுதினாள், என்னால் வாசிக்க முடிகிற ஆங்கிலத்தில், அவள் பிரெண்ட்ஸ் ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று. அவர்கள்தான் நம் வீடு வேண்டாம் என்று நக்கோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நக்கோ சொன்னது அவள்தான்.

அன்றிலிருந்து வெளியில் வாயைத் திறப்பதில்லை. வீட்டிலும் இல்லை. நீங்கள் பயந்தது நடந்துவிட்டது. ஆனால் அதைச் செய்தது படிப்பு இல்லை, உங்கள் கடிதம்.

உங்கள்மேல் கோபம்தான். உண்மையைச் சொன்னதற்காக இல்லை. நான் ஓர் ஆளைக் கேட்டேன், நீங்கள் ஒரு டாக்டரைக் காட்டினீர்கள். இரண்டு வருடமாக நீங்கள் என் காதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்கேனில் பார்க்கிறீர்கள், பைலில் பார்க்கிறீர்கள். முகத்தைப் பார்த்துப் பேசினால்தானே எனக்கு உதடு தெரியும்? பாதி நேரம் நீங்கள் குனிந்துகொண்டு பேசுகிறீர்கள், அது உங்களுக்குத் தெரியுமா?

யாரோடு பேசுவாய் என்று கேட்டிருந்தீர்கள். அதையேதான் நானும் கேட்டேன்.

படியில் இறங்கும்போது நானும் சாஹித்யாவும் கையில் பேசிக்கொண்டு போகிறோம். கீழ்வீட்டுப் பொடிசுகள் பின்னாலேயே வந்து கையை முறுக்கி முறுக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பழகவில்லை.

பூர்ணா


ஓசூர்
22 செப்டம்பர் 2024

பூர்ணா,

பெங்களூர் டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினார். நல்ல மனிதர், நிறைய நேரம் கொடுத்தார். இன்னொருவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம், அவரும் இதையேதான் சொல்வார், உங்கள் மனைவியை இனி அலைக்கழிக்காதீர்கள் என்றார்.

நான் உன்னை அலைக்கழித்தேனா?

தசராவுக்கு வரவில்லை. லீவு இருக்கிறது. உன் முகத்தைப் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை.

சௌந்தர்


மல்காஜ்கிரி
20 அக்டோபர் 2024

அன்புள்ள சௌந்தர்,

அலைக்கழித்தீர்கள். ஆனால் என் பைலைத் தூக்கிக்கொண்டு நீங்களும்தான் அலைந்தீர்கள். டாக்டர் சொன்னது எனக்கு முதல் ஆஸ்பத்திரியிலேயே தெரியும், இருந்தாலும் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். கொஞ்சம் நம்பிக்கை நானும் ஒளித்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. உங்களுக்கு ஆறுதல் சொல்ல அன்றைக்கு யாரும் பக்கத்தில் இல்லை என்று நினைத்து இன்னொரு தடவை அழுதேன். பண்டிகைக்கு வந்திருக்கலாம். இரண்டு பேருமாக உட்கார்ந்து அழுதிருக்கலாம்.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். போன ஞாயிறு ஜெஸ்ஸி டீச்சர் ஹைதராபாத் மாணவர்களை எல்லாம் போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு வரச்சொன்னார். வாயைத் திறக்காமல் காய்கறி வாங்க வேண்டும், அதுதான் பரீட்சை. பயந்துகொண்டே போனேன். போனால் அங்கே லாரியும் சுமைதூக்கிகளும் ஏலமும் சேர்ந்த இரைச்சலாம், காது இருக்கிறவர்களே ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் விரலில்தான் விலை பேசுகிறார்கள். ஒரு தக்காளி மண்டிக்காரரோடு நன்றாகப் பேரம் பேசினேன். அவர் எனக்குக் காது கேட்காது என்பதையே கவனிக்கவில்லை. நான் நகர்ந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டாராம், நான் திரும்பவில்லை. சாஹித்யா ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பையை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டில் கண்ணாடிதான் எனக்கு எதிர் ஆள். திரையில் டீச்சரைப் பார்த்து, கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பழகியதில் கை மாறிப்போய், எல்லாவற்றையும் இடக்கைக்காரி மாதிரி செய்துகொண்டிருந்தேன். டீச்சர் சிரித்துவிட்டு, கண்ணாடி உங்களுக்குப் பதில் சொல்லாது, மனிதர் யாரையாவது பிடியுங்கள் என்றார். சாஹித்யா இருக்கிறாள்தான். ஆனால் அவள் என்னோடு சண்டை போடுகிற அளவுக்குத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் என் மனதில் இருக்கிறதை எல்லாம் கொட்ட முடியுமா?

டிசம்பரில் தேர்வு. இருவர் இருவராகப் பேச வேண்டும். ஜோடி இல்லாதவர்களுக்கு அவர்களே ஒருவரைத் தருவார்கள். நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களைக் கேட்டுக் கேட்டு நிற்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூர்ணா


ஓசூர்
22 டிசம்பர் 2024

அன்புள்ள பூர்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் எழுதினால்தான் உனக்குத் தெரியும். சாஹித்யா டான்ஸ் கிளாஸுக்குப் போயிருந்தாள், அதனால் நம் இருவருக்கும் நடுவில் சொல்ல ஆளில்லை.

நீ கதவைத் திறந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு நான் கையை ஆட்டியது கிண்டல் இல்லை. நான் படித்தேன்.

டாக்டர் கைவிரித்த வாரத்திலேயே தொடங்கினேன். உன் கல்லூரியில் சேர வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று எழுதியவன் நான்தான். தப்புத் தப்பாகச் செய்வதை உன் டீச்சர் பார்த்து உன்னிடம் சொல்வார் என்று கூச்சம். இணையத்தில் தேடியபோது ஓர் அமெரிக்கக் கல்லூரியின் படிப்பு கிடைத்தது. அதிலும் உங்களுக்கு ஏற்றதா என்று கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். டீ பிரேக்கில், பஸ்ஸில், லேபில் சாம்பிள் கொதிக்கும் நேரத்தில் போனைப் பார்த்துப் பழகினேன். இரண்டரை மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

சைகை என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன், பூர்ணா. கையால் பேசுவதில் என்ன ஊர் வித்தியாசம் என்று. எனக்குத் தெரிந்தது கெமிஸ்ட்ரி. கந்தக அமிலம் ஓசூரிலும் அமெரிக்காவிலும் ஒன்றுதான். திரும்பி வரும்போது ரயிலில்தான் நம் நாட்டுச் சைகையை முதல்முறை தேடிப் பார்த்தேன். ஏ, பி, சி-யே இரண்டு கையால் செய்கிறீர்கள். நான் ஒற்றைக் கையால் பழகியிருக்கிறேன். வாசலில் நின்று பூர்ணா என்று உன் பெயரை எழுத்து எழுத்தாக விரலில் சொன்னேன். அதைத்தான் நீ முதலில் பார்த்தாய். கீழ்வீட்டுப் பிள்ளைகள் விரலை முறுக்கிக் காட்டுகிற மாதிரி இருந்திருக்கும்.

பிறகு நான் சொன்னது இது: தாமதமாக வந்துவிட்டேன். இனி ஆஸ்பத்திரி வேண்டாம். எனக்கும் சொல்லிக்கொடு.

அது பாதியில் இருக்கும்போதே நீ வாயைத் திறந்தாய். "நீங்களுமா? கிண்டல் பண்ணவா இவ்ளோ தூரம் வந்தீங்க? போங்க, இந்த வாசல்ல நிக்காதீங்க" என்றாய். கதவைச் சாத்திவிட்டாய். கல்பகம் மாமி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து இரண்டு வரி டைப் செய்து உனக்கு அனுப்பியிருக்கலாம். யோசனை வரவில்லை. நேராக செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

எத்தனையோ மாதம் கழித்து உன் குரலைக் கேட்டேன். நான் கேட்டது அந்த வார்த்தைகளைத்தான். குரல் ரொம்ப மாறியிருக்கிறது. இருந்தாலும் அது உன் குரல்தான். இன்னொரு தடவை, வேறு ஏதாவது சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாயா? என்ன வேண்டுமானாலும் சொல்.

சௌந்தர்


மல்காஜ்கிரி
5 ஜனவரி 2025

அன்புள்ள சௌந்தர்,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். நான் உங்களை அப்படி நினைத்துவிட்டேனே. அந்தப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, ஆடுகிற கை எல்லாமே கேலிக் கையாகத் தெரிகிறது எனக்கு. அதிலும் உங்கள் கை. நீங்கள் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது வேறு மாதிரி வலிக்கிறது.

நீங்கள் என் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள், நான் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

வாய்ஸ் மெசேஜ் கேட்டிருந்தீர்கள். முயன்று பார்த்தேன். முன்பு நான் பாடிக்கொண்டிருந்த ஒன்றை நாலு வரி பாடி, போனைச் சாஹித்யாவிடம் கொடுத்து, அப்பாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். அவள் காதில் வைத்துக் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஹவ், அனுப்பலாம். நல்லா இருக்கு அம்மா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைத் திறந்து பார்த்தேன். தலையணையில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். காது கேட்காவிட்டாலும் என் குரல் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழித்துவிட்டேன்.

அனுப்பமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டு கண் விழித்த குரல் உங்கள் ஞாபகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். அதை நானே கெடுக்க மாட்டேன். அந்த வாசலில் சொன்னதுதான் உங்களிடம் என் வாய் கடைசியாகச் சொன்னது என்றால், அதற்கு நான் சாகும்வரை வருத்தப்படுவேன். என்ன செய்ய?

தேர்வில் பாஸாகிவிட்டேன். வாரங்கல்லிலிருந்து ஒரு அம்மாவை எனக்கு ஜோடியாகப் போட்டார்கள். அவர் மகனுக்காகப் படிக்கிறார். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார். சாஹித்யாவைப் பற்றி நிறையச் சொன்னேன். கணவர் எங்கே என்றார். கணவர் தூரத்தில் இருக்கிறார் என்றேன். எவ்வளவு தூரம் என்று கேட்டார். அது பாடத்தில் இல்லாத கேள்வி, சும்மா அக்கறையில் கேட்டது. ஓசூர் என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

புது வகுப்பு இந்த மாதம் தொடங்குகிறது. இந்தத் தடவை நான் உங்களைக் கேட்கவில்லை. விவரம் மட்டும் எழுதுகிறேன். செவ்வாய், வியாழன் சாயங்காலம். நீங்கள் கற்றதில் பாதியை மறக்க வேண்டியிருக்கும், அது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம் என்று டீச்சர் சொல்கிறார். அங்கே என்னைத் தேடாதீர்கள், நான் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். தெரியாத மனிதர்களுக்கு நடுவில் தப்புத் தப்பாகச் செய்ய வேண்டியிருக்கும். நானும் அப்படித்தான் செய்தேன்.

உங்களுக்கு ஏற்றதா இல்லையா என்று நான் சொல்ல முடியாது.

பூர்ணா


ஓசூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள பூர்ணா,

வியாழக்கிழமை முதல் வகுப்பு. திரையில் நிறையப் பேர் இருந்தார்கள். நான்தான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மற்றவர்கள் எல்லாம் சாதாரணமாக இருந்தார்கள்.

ஜெஸ்ஸி டீச்சர் ஒவ்வொருவரையும் யாருக்காகப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் தம்பிக்காக என்றார். ஒரு நர்ஸ் நோயாளிகளுக்காக என்றார். சைகை தெரியாதவர்கள் டைப் செய்தார்கள். நானும் டைப் செய்திருக்கலாம். கை தானாக எழுந்துவிட்டது. மனைவி என்று சொன்னேன், அந்த அமெரிக்கக் கல்லூரி சொல்லிக்கொடுத்த மாதிரி. டீச்சர் கொஞ்சம் யோசித்தார். சிரிக்கவில்லை. நம் ஊரில் அதை எப்படிச் சொல்வது என்று காட்டினார். திரும்பச் செய்தேன். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

அவர் உங்களோடு இருக்கிறாரா என்று அடுத்துக் கேட்டார். கேள்வி கீழே எழுத்தில் வந்தது. எனக்கு இல்லை என்று சொல்லவும் தெரியவில்லை, ஆமாம் என்று சொல்லவும் தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது, பூர்ணா. இந்த வயதில், இஸ்திரி போட்ட சட்டையோடு.

எல்லார் மைக்கும் அணைத்துத்தான் இருந்தது. நான் அழுதது ஒருவருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் நாலு பேர் நடுவில் யாராவது அழுதால் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இவர்கள் திரும்பவில்லை. நான் முடிக்கும்வரை டீச்சர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இந்த இரண்டரை வருடத்தில் நீ பலமுறை அழுதிருப்பாய். உள்ளறையிலிருந்து எனக்குக் கேட்கும். கேட்டவுடன் நான் போனை எடுத்து இன்னொரு டாக்டரைத் தேடுவேன். ஒருநாள்கூட உள்ளே வந்து உன்னைப் பார்க்கவில்லை.

சௌந்தர்